முந்தானையில் முடிந்த ஃபியூஸ் கட்டை

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், உச்சி வெயிலில், இலை மடக்கி நிற்கும் மல்லாட்டை என்னும் நிலக்கடலைச் செடி ஒன்றைச் சுற்றி அஞ்சலாட்சி களைக்கொத்தால் தோண்டுகிறாள். தூரத்தில் அண்ணாமலை வெளுத்துத் தெரிகிறது. கிணற்றில் இருப்பது ஒரே ஒரு பாய்ச்சலுக்கான தண்ணீர். செடி பூ எடுக்கும்போது அது வேண்டும். அதனால் மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, பதினைந்து நாளாக முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். "பயிரைக் காயப்போட்டுட்டு இன்னா வீம்பு உனக்கு?" என்று வரப்பில் நின்று பொருமுகிறான் அவள் புருஷன் காசிநாதன். அவள் இன்னும் ஆழமாகத் தோண்டுகிறாள். மேல்மண் கையைச் சுடுகிறது. முழ ஆழம் போனதும் களைக்கொத்து மெத்தென்று இறங்குகிறது. ஆணிவேர் அங்கேயும் முடியாமல், ஈரமண்ணை அப்பிக்கொண்டு இன்னும் கீழே போகிறது. "கை வெச்சிப் பாருங்க." காசிநாதன் குந்தி உட்கார்ந்து குழிக்குள் கையை விடுகிறான். எடுக்க மனசில்லாமல் அப்படியே இருக்கிறான். அதைப் பார்த்து இளகிப்போன அஞ்சலாட்சி முடிச்சை அவிழ்த்துக் கட்டையை நீட்டுகிறாள். "இனிமே நீங்களே வெச்சுக்குங்க." மண் ஒட்டிய கையால் வாங்கியவன், அதை மறுபடி அவள் முந்தானையிலேயே வைத்து இறுக்கி முடிகிறான். "என்கிட்ட இருந்தா மனசு கேக்காது, மோட்டாரைப் போட்டுடுவேன். பூ எடுக்கட்டும்."