பதினேழு மெட்டுகள்

இசை நாடகம் அரங்கேறிய மறுநாள் காலை, அதற்குப் பாட்டுகளைத் தொகுத்த டில்லட்டின் அறைக்குள், பொய்முடி கோணிக் கிடக்கப் பாய்ந்தார் இசையமைப்பாளர் பென்வார்டன்.

“பதினேழு பாட்டு! ஒண்ணாவது உன் சொந்த மெட்டாய்யா?”

“இல்லீங்க. ஊரார் மெட்டையெல்லாம் கோர்த்துச் சிரிக்க வைக்கிறதுதானே இந்த நாடகம்?”

“இத்தாலிக்காரன் மெட்டு இருக்கு. தெருவுல மீன்காரி கூவுறதுகூட இருக்கு!”

டில்லட்டுக்கு வியர்த்துக் கொட்டியது. “சத்தியமா உங்க மெட்டு ஒண்ணைக்கூடத் தொடலீங்க!”

“அதைக் கேக்கத்தான்யா வந்தேன்! ‘உங்க பாட்டு எப்ப வரும்’னு என் பொண்டாட்டி மூணு மணி நேரம் நச்சரிச்சா. வீட்டுல என் மானமே போச்சு!”

டில்லட் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க. எதைத் திருடலாம்னு நீங்களே பாடிக் காட்டுங்க.”

பென்வார்டன் உட்காரவில்லை. நின்றபடியே பாட ஆரம்பித்துவிட்டார்.