பேசும் காப்பு

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, எந்தப் பெண் பட்டு எடுப்பாள், எவள் பத்துப் புடவையைப் புரட்டிவிட்டு நழுவுவாள் என்று புடவைக் கடைக்காரி செண்பகம் சொல்லிவிடுவாள். பெற்ற பிள்ளையிடம்தான் அந்த வித்தை பலிக்கவில்லை.

நிமலனுக்கு இரண்டரை வயது. பிறந்ததிலிருந்து அவன் கையில் கிடந்த பேசும் காப்பு, அவன் சிணுங்கினால் போதும், "பசிக்குது", "காது வலிக்குது" என்று அவனுக்காகச் சொல்லிவிடும். உடனே கடையிலிருந்து யாராவது ஓடி வருவார்கள். அவன் வாயிலிருந்து இன்னும் ஒரு சொல் வரவில்லை.

"கைக்குழந்தைக்கு வக்கீல் வச்சுட்டீங்க. அப்புறம் அவன் எதுக்கு வாயைத் திறக்கணும்?" என்றார் டாக்டரம்மா. "இப்பவே கழட்டலைன்னா பேச்சே வராம போயிடும்மா."

கழற்றினாள். காலையிலிருந்து அழுகிறான். கடையைப் பூட்டிவிட்டு, வீம்பு பிடித்த வாடிக்கைக்காரிக்குப் புடவை விரிப்பதுபோல் வீட்டையே அவன் முன் விரித்துவிட்டாள்.

"பால் வேணுமா ராசா? வேண்டாமா? சரி, இந்தப் பொம்மையைப் பாரு. இதுவும் பிடிக்கலையா? என்னதான்டா வேணும், சொல்லித் தொலையேன்!"

அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவளுக்குச் சரக்கும் தீர்ந்தது, தெம்பும் தீர்ந்தது. அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லாத அந்த வீட்டில், தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

நிமலன் அழுகையை நிறுத்தினான். மேசையில் கிடந்த காப்பை எடுத்துவந்து அவள் விரல்களில் மாட்டினான்.

"பயமா இருக்கு," என்றது காப்பு, மழலைக் குரலில். "அம்மா வேணும்."

வேலை முடிந்த திருப்தியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்த நிமலன், யார் ஓடி வரப்போகிறார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.