சிவப்புச் சேவல்

கல்லறைத் திருநாள். ராயபுரமே மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாகக் காசிமேட்டுக் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் மட்டும் கல்மண்டபத்து வீட்டில், ஒரு குண்டுவீச்சு விமானத்தின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

படத்தின் முன் ஒரு மெழுகுவர்த்தி, ஏற்றாமல். வருஷா வருஷம் இப்படித்தான். "சாவு நிச்சயமாத் தெரியாம ஏத்தாதடா" என்று அம்மா கடைசி நேரத்தில் வாங்கிய சத்தியம்.

அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, ஜப்பான் சண்டையில், அப்பா ரங்கூனில் காணாமல் போனார். அன்றைய விமானத்தின் மூக்கில் சிவப்புச் சேவல் வரைந்திருந்தது என்று அப்பாவின் தோஸ்து ஒருவர் வந்து சொன்னார். எண்ணோ பெயரோ அவருக்கும் தெரியாது.

அந்தச் சேவலை வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன் விமானத்தின் ஜாதகத்தையே தேடி எடுத்துவிட்டார். எங்கே செய்தது, வங்காளத்தில் எந்த மைதானத்தில் நின்றது, எப்போது காயலான் கடைக்குப் போனது, எல்லாம் அத்துப்படி. ரங்கூனுக்குப் போன அந்த ஒரு நாள் மட்டும் பிடிபடவில்லை. தெருவில் 'ஏரோப்ளேன் தாத்தா' என்று கேலி செய்தார்கள். செய்யட்டுமே, பெற்ற அப்பன் ஆயிற்றே.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. ரயில்வே காலனி ஃப்ளோரன்ஸ். அவள் தாத்தா அதே விமானத்தில் பறந்தவர். இந்தப் படமே அவள் கொடுத்ததுதான். ஒரே விமானத்தைத் தேடித் தேடி இருவரும் சொந்தக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள்.

"அங்கிள், கெட்ச்சிட்ச்சி! அந்த நாள் ரிப்போர்ட்டு, லண்டன்லேர்ந்து அனுப்பிட்டாங்க!" செல்போனை ஆட்டிக்கொண்டே உள்ளே ஓடி வந்தாள்.

கிழவர் சட்டென்று எழுந்து நின்றார். "குண்டு எங்க வுயுந்துச்சும்மா? ஆத்துலயா, கரையிலயா?"

"கரையிலதான். ஒண்ணுகூட வேஸ்ட்டாவல. குறி பாத்துப் போட்டது எங்க தாத்தாவாச்சே! ஆர்பர் மூணாம் நம்பர் குடோனு அப்டியே தரமட்டம்."

"மூணாம் நம்பரா? நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு வாட்டி படிச்சேன். அத்த வுடுங்க, இதக் கேளுங்க. யாரார் பறந்தாங்கனு பேருதான் போடல. ஆனா பிளேனுக்கு ஒரு கீறல் கெடையாது. போனவங்க அத்தினி பேரும் பத்திரமாத் திரும்பிட்டாங்க. உங்கப்பா அன்னிக்கு சாவல அங்கிள்!"

ஸ்டானிஸ்லாஸ் தீப்பெட்டியை எடுத்தார். முதல் குச்சி அணைந்துபோனது, அடுத்தது பற்றியது. மெழுகுவர்த்தியை ஏற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழுதார்.

ஃப்ளோரன்ஸ் பதறிப்போனாள். "இன்னா அங்கிள் இது! எல்லாரும் பொழச்சிட்டாங்கனு சொல்றேன், மெழுகுவத்தி ஏத்திக்கினு கீறீங்க? உங்கப்பா பிளேனுல எந்தப் பக்கம் குந்திக்கினு இருந்தாரு? அதச் சொல்லுங்க, தேடிரலாம்."

அவர் அவள் தலையை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

"பிளேனுல இல்லம்மா. அந்த குடோனுல மூட்ட தூக்கிக்கினு இருந்தாரு."