வாய் நிறைய

டயாலிசிஸ் அறையின் டிவியில் சத்தம் வராமல் போய்விட்டதால், சிஸ்டர் ஜெயசீலி ஒரு பழைய ஊமைப்படத்தைப் போட்டுவிட்டாள். பேச்சே இல்லாத காமெடி. குண்டாக ஒரு தீயணைப்புக்காரன் ஏணியிலிருந்து விழுந்தான், கதவில் மோதிக்கொண்டான், எழுந்து மறுபடியும் விழுந்தான். கட்டில்களில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவன் கையிலிருந்து குழாய் நழுவி, பாம்பாக நெளிந்து தெரு முழுக்கத் தண்ணீரை அடித்தது. இர்ஃபான் மட்டும் வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்கு இது முதல் வாரம். மற்றவர்கள் டாக்டர் சொன்னபடி வருஷக்கணக்காக ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீரில் வாழ்கிறவர்கள். மாத்திரை விழுங்குகிற மடக்கும் அதில்தான் சேரும்.

படம் முடிந்ததும் சிஸ்டர், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பைப்ப மூடாமலே போயிட்டான்," என்றாள் மூலைக் கட்டிலில் படுத்திருந்த பரிமளா.

அடுத்த கட்டிலில் இருந்த லூர்துசாமி, "நல்லாத்தான் இருக்கு. ஒரு இடத்த மட்டும் மறுபடி போடும்மா," என்றார்.

"ஏணில இருந்து விழுறதா அய்யா?"

"அது கெடக்கட்டும். தண்ணி அவன் வாய்க்குள்ள பீய்ச்சும்ல, அது."

சிஸ்டர் போட்டாள். தண்ணீர் நேராக அவன் வாய்க்குள் பாய்ந்தது. கன்னங்கள் பலூனாக உப்பின. இர்ஃபான் சிரிக்கத் தொடங்கி, பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். லூர்துசாமியின் தொண்டை ஏறி இறங்கியது. பரிமளாவின் தொண்டையும். திரையில் அவன் கண்களை உருட்டி, வாயிலிருந்த அத்தனையையும் ஒரு போலீஸ்காரர் முகத்தில் துப்பினான்.



"இன்னொரு தடவ போடுங்க சிஸ்டர்," என்றான் இர்ஃபான். "துப்புறதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க."