காதைத் தாண்டிய கை

"ஏறிச்சு டாக்டரம்மா! காதைத் தாண்டி ஏறிச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

வீடியோ அழைப்பில் டாக்டரம்மாவின் முகம் பாதி நம்பியது, பாதி நம்பவில்லை.

நம்பாததில் தப்பில்லை. மூன்று வருடமாகக் கைப்பயிற்சி கொடுப்பவர் அவர்தான். சுண்டெலியின் வலது கை ஒரு நாளும் தோளுக்கு மேல் போனதில்லை.

என் மகளுக்கு வீட்டில் சுண்டெலி என்றுதான் பேர். பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் கழுத்து நரம்பு அடிபட்டு, அந்தக் கை இரவல் வாங்கியதுபோல் தொங்கிவிட்டது.

தலையில் தொப்பி வைத்து எடுக்கச் சொன்னோம். சோப்புக் குமிழி ஊதிப் பிடிக்கச் சொன்னோம். நடந்தாள், பேசினாள், பாட்டுக்கூடப் பாடினாள். கை மட்டும் மசியவில்லை.

வியாழக்கிழமை பெரிய டாக்டர் பார்க்கிறார். அதற்குள் ஏறாவிட்டால் முதுகுத் தசையை வெட்டித் தோளில் வைத்துத் தைப்பார்களாம். அந்தச் சுண்டைக்காய் உடம்பிலா கத்தி வைப்பது?

என் கோபம் ஊரறிந்தது. எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். சலவைக் கடையில் நான் இஸ்திரிப் பெட்டியை வைக்கிற வேகத்துக்கு முதலாளியே இரண்டடி தள்ளித்தான் நிற்பார்.

வீட்டில் இருப்பவரும் எனக்குச் சரியான ஜோடி. சர்க்கரை நோயில் இரண்டு கால்விரல்களை எடுத்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கட்டில்தான் உலகம். கைக்கு அகப்பட்டதெல்லாம் ஆயுதம்.

இன்று காலை ஏழரைக்கு டம்ளர் பறந்து வந்தது. புண்ணைச் சுற்றி நான் போட்ட கட்டு இறுக்கமாம்.

டம்ளர் சுவரில் பட்டு நசுங்கியது. காரை பெயர்ந்து தரையில் கொட்டியது. நான் அதே டம்ளரை எடுத்துக் கட்டில் காலில் ஓங்கி அடித்தேன். கொல்லுடி, கொன்றுவிட்டு நிம்மதியாக இரு என்று அவர் கத்தினார். ஆசையைக் கிளப்பாதீர்கள் என்று நானும் கத்தினேன். எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதையில் நான் குறை வைப்பதில்லை.

பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அவர்களுக்கும் பழகிவிட்டது.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் சுண்டெலிக்குப் பயிற்சி. நல்ல கையைத் துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். அப்போதுதான் சோம்பேறிக் கை வேலை செய்யும் என்பது டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வழி.

கட்டினேன். எட்டாத உயரத்தில் ஜிகினாப் பந்தைத் தொங்கவிட்டேன்.

அவள் பந்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேசை ஓரத்தில் நான் எடுத்து வைத்திருந்த அவள் அப்பாவின் இன்சுலின் புட்டி கண்ணில் பட்டுவிட்டது. கையால் எடுக்க வழியில்லை. தலையால் ஒரு முட்டு முட்டினாள்.

புட்டி சில்லுச் சில்லாய்ச் சிதறியது.

இருந்தது அது ஒன்றுதான். ஊசி போடாமல் அவர் ஒரு வாய் சாப்பிடக் கூடாது. மருந்துக்கடை திறக்க ஒன்பதரை ஆகும். எட்டரைக்கு நான் சலவைக் கடையில் நிற்க வேண்டும்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. நாற்காலியை எட்டி உதைத்தேன். அது கதவில் மோதிக் கவிழ்ந்தது. கண்ணாடிச் சில்லு என் குதிகாலில் ஏறியதுகூட உறைக்கவில்லை.

அதற்கு அடுத்த நொடியில்தான் கை ஏறியது.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஏறிவிட்டது, ஏறிவிட்டது என்று அலறினேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் புண்காலை இழுத்துக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்துவிட்டார். டம்ளரை வீசிய மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். நானும் அழுதுகொண்டேதான் டாக்டரம்மாவை அழைத்தேன்.

மறுபடி தூக்கச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார் அவர்.

மருந்து டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தேன். சுண்டெலியை மட்டும் எதிரே உட்காரவைத்து, இடது கன்னம் படத்தில் விழாதபடி லேசாகத் திருப்பினேன்.

பந்தை ஆட்டினேன். மிட்டாயைக் காட்டினேன். என் தங்கமே, என் ராசாத்தி என்று கெஞ்சினேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மடியில் கிடந்தது.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் அப்படித்தான் துடைப்பார். ஆபரேஷன் என்றால் பயப்பட வேண்டாம் என்று மெதுவாக ஆரம்பித்தார்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. நெற்றியைத் துடைக்க வலது கையைத் தூக்கினேன்.

சுண்டெலியின் கை விருட்டென்று ஏறியது. காதைத் தாண்டித் தலைக்கு மேல் போய், உள்ளங்கை என்னைப் பார்த்து விரிந்து நின்றது. கண்களை இறுக மூடியிருந்தாள்.

சற்று முன் நான் கன்னத்தில் விட்ட முதல் அறைக்கு அந்தக் கை வரவில்லை. இரண்டாவது அறைக்குத்தான் வந்தது. டாக்டரம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

திரையில் அவர் துள்ளிக் குதித்துக் கைதட்டினார்.

"அப்படியே இருக்கட்டும், எறக்க விடாதீங்க! பத்து எண்ற வரைக்கும் நின்னுட்டா ஆபரேஷனே வேண்டாம்னு பெரிய டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்."

ஒண்ணு, ரெண்டு என்று எண்ண ஆரம்பித்தார்.

வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. நான் துடைக்கவில்லை.

ஓங்கிய கையை அப்படியே வைத்திருந்தேன்.