தப்பு இல்ல சார்

தேனிக் கல்லூரியின் கணினி அறையில் மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் திரைமேல் கோடு கோடாகப் போடுகிறது. வீடியோ கேம் வடிவமைப்புப் படிப்பின் இறுதித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் குனிந்து பார்க்கிறார். நாலு மாதம் உட்கார்ந்து பவானி உருவாக்கிய விளையாட்டை, அவளுடைய கூட்டாளி விஜய்ராஜ் "நான் பண்ணினேன் சார், நான் யோசிச்சேன் சார்" என்று ஓட்டிக் காட்டுகிறான். பவானி என்று ஒருத்தி பின்னால் நிற்பதாகவே அவன் காட்டிக்கொள்ளவில்லை. திரையில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஓடிவந்த பெண் நின்று பிடரியை அழுத்தித் தேய்த்துக்கொள்கிறாள். "நிக்கிறப்பெல்லாம் ஏன் கழுத்தைத் தேய்க்கிறா?" என்கிறார் தேர்வாளர். விஜய்ராஜ் சிரிக்கிறான். "அது பக் சார். கூடச் சேர்ந்தவ பண்ணின தப்பு. எடுத்துடுறேன்." பவானி அவன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்குகிறாள். ஏசியின் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கிளம்புகிறது. "தப்பு இல்ல சார். நாள் முழுக்க அண்ணாந்து திராட்சைக் குலை வெட்டுறவுக இப்படித்தான் நிப்பாக. காமயகவுண்டன்பட்டித் தோட்டத்துல எங்கம்மா இப்படித்தான் நிக்கிறாக. இதுல ஒரு துரும்பைக்கூட இவன் செய்யல. செஞ்சான்னா, திரையில புதுசா ஒரு ஆளை உருவாக்கி நாலு எட்டு நடக்க வைக்கச் சொல்லுங்க, இங்கனயே." தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி விஜய்ராஜைப் பார்க்கிறார். அவன் காதுமடல் சிவக்கிறது. "வெளிய வா, பேசிக்கலாம்" என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுக்கிறான். பவானி திரையில் வெறும் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, நாற்காலியை அவன் முழங்காலில் இடிக்கும்படி காலால் தள்ளுகிறாள். "உக்காருடா." அவன் நாற்காலியைப் பார்க்கிறான். உட்காரவில்லை.