முதலில் அனுப்பியது யார்?

கரும்பலகையில், யாருக்கு யார் அனுப்பியது என்று காட்டும் அம்புக்குறி பெயர் பெயராக லீடரை நோக்கி வந்துகொண்டிருந்தது. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த வகுப்புத் தலைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுப் பள்ளிக் குழாயைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்த பிளம்பரை, பிள்ளை பிடிப்பவன் என்று தெருவே கூடி அடித்துப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் இன்னும் கண் திறக்கவில்லை. எல்லாம் போனில் பரவிய வதந்தி. அது கிளம்பிய இடம் இந்தப் பத்தாம் வகுப்பு என்றது போலீஸ்.

குடிமையியல் டீச்சர் கொதித்துப் போயிருந்தார். "ஒரு செய்தி வந்தா முதல்ல யார் சொன்னதுன்னு கேளுங்கன்னு வருஷம் பூரா தொண்டை கிழியக் கத்துறேன். இன்னைக்கு நானே கேக்குறேன். ஆரம்பிச்சது யாரா இருந்தாலும் நானே பிடிச்சுக் கொடுப்பேன்."

வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார்.

நெட்டை எழுந்தான். "'பைக்குள்ள மூணு குழந்தைங்க'ன்னு எனக்கு வந்துச்சு டீச்சர். குண்டு அனுப்பினான்."

"எனக்கு 'பிள்ளை பிடிக்கிறவன் பையோட வந்திருக்கான்'னுதான் வந்துச்சு. குழந்தைங்களை நான்தான்... சும்மா சேர்த்தேன்," என்றான் குண்டு. "கண்ணாடி அனுப்பினா."

கண்ணாடி அழுதே விட்டாள். "'கேட் பக்கத்துல பையோட ஒரு ஆள், பார்த்து வா'ன்னு லீடர் அனுப்பினா. பிள்ளை பிடிக்கிறவன்தான்னு நான் நினைச்சுட்டேன் டீச்சர்."

வகுப்பே லீடரைத் திரும்பிப் பார்த்தது.

"ஓ! மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்குன்னு இப்பத்தான் புரியுது," என்றார் டீச்சர். "காலையிலயும் நீ ஒண்ணும் சாப்பிடல."

லீடர் எழுந்து நின்றாள். பழியை மொத்தமாகத் தன் தலையில் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். "நான்தான் டீச்சர். என்னோட முடிச்சிருங்க."

"அந்த ஆளை நீ கண்ணால பார்த்தியா? நேத்து நீ வந்ததே லேட்டு. அவர் அதுக்குள்ள உள்ளே போய் வேலையை ஆரம்பிச்சுட்டார். யாரைக் காப்பாத்துற?"

"வேணாம் டீச்சர். கேக்காதீங்க."

"அங்க ஒரு மனுஷன் உசுருக்குப் போராடறாரு! சொல்லு, உனக்கு அனுப்பினது யாரு?"

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். டீச்சர் அடுத்த பெயரை எழுதச் சாக்பீஸைப் பலகையில் வைத்தார்.

லீடர் ஓடிப்போய் டீச்சரின் கையைப் பிடித்தாள்.

"அம்மா... அது நீதாம்மா."